‘நானே அனுப்பிய படம்தான்... புகார் கொடுக்கலாமா?’

இந்த முறை வந்த கடிதங்கள் பலவற்றில் பெயர் இல்லை. சிலவற்றில் ஊர்கூட இல்லை. நானும் கேட்கப்போவதில்லை. எல்லாமே அந்தரங்கப் படங்களை நெட்டில் பரப்பும் விவகாரத்தைச் சுற்றியே இருப்பதால், பாகப்பிரிவினை, வாடகை முன்பணக் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அந்த வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் காம்பவுண்டுச் சுவர் இன்னும் 15 நாள் தாங்கும்.

வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. கல்லூரியில் ஆரம்பித்த பழக்கம், நாலு வருஷம். அந்த நம்பிக்கையில் நானே எடுத்து அவனுக்குச் சில படங்கள் அனுப்பியிருந்தேன். போன வருஷம் பிரிந்துவிட்டோம். இப்போது வீட்டில் வரன் அமைந்து நிச்சயமும் முடிந்துவிட்டது. அது தெரிந்ததும், ‘கல்யாணத்தை நிறுத்து, இல்லையென்றால் என்ன நடக்கும் பார்’ என்று மெசேஜ் போட்டான். பிளாக் செய்தேன். பத்தே நாளில் என் பெயரில் ஒரு போலி இன்ஸ்டா கணக்கு, டெலிகிராம் குரூப் ஒன்றில் என் படங்கள். தோழிதான் பார்த்துச் சொன்னாள். ‘நீயே அனுப்பியதால் போலீஸ் உன்னைத்தான் திட்டும்’ என்கிறாள். அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார். எனக்குப் புகார் கொடுக்க உரிமை இருக்கிறதா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

இருக்கிறது. முழு உரிமை இருக்கிறது. உங்கள் தோழி நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் சட்டம் அவர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது.

பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 77-வது பிரிவு. பழைய ஐ.பி.சி.யில் 354சி. அதன் அடியில் ஒரு விளக்கம் போட்டிருக்கிறார்கள்: படம் எடுப்பதற்கு ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாம் ஆளுக்குக் காட்ட அவர் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம். உங்களை மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான் அந்த விளக்கத்தை எழுதியிருக்கிறார்கள். எடுத்தது யார், அனுப்பியது யார், எதற்காக என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. முதல் தடவை என்றால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் 3 வருடம் வரை, மறுபடி செய்தால் 3 முதல் 7 வருடம் வரை சிறை.

இது தவிர ஐ.டி. சட்டம், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. 66இ என்பது அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பது, வெளியிடுவது, அனுப்புவது பற்றியது. உள்ளாடையோடு இருக்கும் படமும் இதில் அடங்கும். 3 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் செயலைக் காட்டும் படமாகவோ வீடியோவாகவோ இருந்தால் 67ஏ, அதற்கு 5 வருடம், 10 லட்சம். உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கியதற்கு 66சி, 66டி. ‘கல்யாணத்தை நிறுத்து’ என்று மிரட்டியதற்குத் தனியாக பி.என்.எஸ். 351. அதிலும் ஒரு பெண்ணின் கற்பின் மீது பழி சுமத்துவேன் என்று மிரட்டினால் 7 வருடம் வரை போகலாம். (‘கற்பு’ என்ற சொல் சட்டத்தில் இன்னும் உட்கார்ந்திருப்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இங்கே அது உங்கள் பக்கம் நிற்கிறது, பயன்படுத்திக்கொள்வோம்.) அந்த மிரட்டல் மெசேஜை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது ஆதாரம். படத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை முதலில் போவது ‘ரிப்போர்ட்’ பொத்தானுக்கு. ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆனால் படத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி முழுத் திரையாக எடுங்கள். இன்ஸ்டா கணக்கில் காட்டும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம், முக்கியம் யூசர்நேம்தான். அதனால் அந்தக் கணக்கின் லிங்க்கை காப்பி செய்து வையுங்கள். டெலிகிராமில் அந்த மெசேஜை அழுத்திப் பிடித்தால் பல குரூப்புகளில் லிங்க் காப்பி செய்ய வழி வரும், அதையும் எடுங்கள், குரூப்பின் பெயரையும் லிங்க்கையும் எடுங்கள். முடிந்தால் இன்னொரு போனால், நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து உள்ளே போவதை வீடியோவாகவே எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு நோட்டை எடுத்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே பார்த்தேன், யார் சொன்னார் என்று கையால் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் கேட்கும்போது நம் மூளை கைகொடுக்காது, நோட்டு கைகொடுக்கும்.

அவனோடு பேசிய பழைய சாட், எவ்வளவு அசிங்கமாகத் தோன்றினாலும், அழிக்காதீர்கள். நீங்கள் கொஞ்சிப் பேசியது அதில் இருக்கும், இருக்கட்டும். அந்தப் படம் அவன் ஒருவனிடம்தான் போனது என்று காட்ட அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. போனையும் மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் வைக்க ஒரு சான்றிதழ் தேவை. முன்பு 65பி என்பார்கள், இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு. அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார், ஆனால் படமும் சாட்டும் முதலில் இருந்த அந்தப் போன் பத்திரமாக இருந்தால் அவர் வேலை பாதி குறையும்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு, அதே நாளில், படத்தை இறக்குகிற வேலை. 2021-ல் வந்து 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட ஐ.டி. விதிகளின்படி இப்படிப்பட்ட படம் பற்றி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்தால், அதிகபட்சம் 2 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ‘அவர் சார்பில் வேறொருவர்’ என்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்க்க உங்களுக்குக் கை நடுங்கினால் அந்தத் தோழியையே உட்கார வையுங்கள், திட்டு வாங்குவாய் என்று பயமுறுத்தியதற்கு இது பிராயச்சித்தமாக இருக்கட்டும். ஆப்பில் உள்ள ரிப்போர்ட்டோடு நிற்காமல், அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். கேட்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்திருக்கும் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், ஆன்லைனிலேயே.

‘படத்தை இறக்கிவிட்டால் ஆதாரம் போய்விடாதா?’ என்று இதே விஷயமாக எழுதிய இன்னொரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதே விதிகளில், இறக்கிய விஷயத்தையும் அது சம்பந்தமான பதிவுகளையும் விசாரணைக்காக நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே இறக்கச் சொல்லலாம், பயமில்லை. ஆனால் ‘படம்தான் போய்விட்டதே, கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஏழு மாதம் உட்கார்ந்தால், யார் அந்தக் கணக்கைத் தொடங்கினார் என்று போலீஸ் கேட்கும்போது நிறுவனத்திடம் பதில் இல்லாமல் போகலாம்.

இன்னொன்று, ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு சேவை, 2021 டிசம்பரில் பிரிட்டனில் உள்ள ஒரு தொண்டு அமைப்பு மெட்டாவோடு சேர்ந்து தொடங்கியது. இலவசம். உங்கள் படத்தை அது வாங்கிக்கொள்வதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு எண் கோவை, கைரேகை மாதிரி, உருவாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இன்ஸ்டா, ஃபேஸ்புக், ரெடிட் போன்று அதில் சேர்ந்த தளங்களில் யாராவது அதே படத்தை ஏற்றினால் தடுக்கப் பார்க்கும். இன்னும் வெளியே வராத, ஆனால் அவனிடம் இருக்கிற மற்ற படங்களுக்கும் இப்போதே போட்டுவைக்கலாம். வாட்ஸ்அப்பில் கையிலிருந்து கைக்குப் போவதை இது தடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் தேடலில் உங்கள் பெயரை அடித்தால் படம் வருகிறது என்றால் அதை நீக்க கூகுளிலேயே தனி விண்ணப்பப் படிவம் உண்டு.

அப்புறம் போலீஸ். மூன்று வழி இருக்கிறது: மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளம், உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம். தளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் பெயர் இல்லாத புகாரில் அது என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. உங்கள் விஷயத்தில் ஆளும் தெரியும், மிரட்டலும் இருக்கிறது, அதனால் பெயரோடு கொடுப்பதைத்தான் சொல்வேன். எந்த நிலையத்தில் கொடுத்தாலும் வாங்கியாக வேண்டும், ‘அவன் இருப்பது சேலம், அங்கே போம்மா’ என்று அனுப்பக் கூடாது. அதற்குப் பெயர் ஜீரோ எஃப்.ஐ.ஆர். இந்த 77-வது பிரிவுப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்றும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ். 173) இருக்கிறது. ஐ.டி. சட்ட வழக்கை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது.

சட்டம் இப்படி. ஸ்டேஷனில் நடப்பது எப்படி என்றால், போன வருடம் ஒரு பெண்ணோடு நானே போய் உட்கார்ந்திருந்தேன். போனைத் திரை கீழே இருக்கும்படி மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் துப்பட்டாவைப் போட்டு, அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். எழுதுகிறவர் ‘எங்க, காட்டும்மா’ என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: படத்தில் என்ன இருக்கிறது என்று புகாரில் எழுத்தில் இருக்கிறது, படம் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறது, விசாரணை அதிகாரி அம்மா வந்து பிரித்துக்கொள்வார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், அவர் வந்தார், தனி அறையில் பார்த்தார். நீங்களும் இதையே செய்யுங்கள். படங்களைப் பென் டிரைவில் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போங்கள். எட்டிப் பார்ப்பவர்களுக்குக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘ஏம்மா இதையெல்லாம் அனுப்பினே?’ என்று யாராவது கேட்டால், ‘சார், அது குற்றம் இல்லை, இதுதான் குற்றம்’ என்று புகாரைத் தள்ளிவையுங்கள்.

புகாரை வாங்கிக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். போடவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அவனை வரவழைத்து, ‘இனி செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு சமாதானம் செய்து அனுப்புவதும் நடக்கும். பெண்ணுக்கு எதிராகச் செய்த ஐ.டி. சட்டக் குற்றத்தைக் கோர்ட்டே சமரசத்துக்கு விடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 77ஏ பிரிவு சொல்லும்போது, ஸ்டேஷன் மேஜையில் அதைச் செய்ய யாருக்கு அதிகாரம்?

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாளைக்கே அவனைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். 66இ-யும், பி.என்.எஸ். 77-ல் முதல் தடவையும் ஜாமீனில் வெளியே வரக்கூடியவை. 67ஏ போட்டால்தான் ஜாமீன் கஷ்டம். ஆனால் அவன் போனும் லேப்டாப்பும் பறிமுதலாகும், அது உங்களுக்குச் சிறையைவிட முக்கியம்.

படம் ஒரு தளத்தில் இறக்கினால் வேறு தளத்தில் முளைக்கிறது என்றால் உயர் நீதிமன்றம். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். அவருக்கே இந்தக் கொடுமை. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள் அந்த வீடியோக்களை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கச் சொல்லி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். அந்த வழக்கைத் தொடர்ந்துதான் பாதிக்கப்பட்டவர் எங்கே போக வேண்டும், யார் என்ன செய்ய வேண்டும் என்று அமைச்சகம் ஒரு வழிமுறையையே தயாரித்தது. சட்டம் படித்த ஒரு வக்கீலே உயர் நீதிமன்றம் வரை வர வேண்டியிருந்தது என்பதில் நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது? இப்படிப்பட்ட மனுக்களில் உங்கள் பெயரை மறைத்து ‘எக்ஸ்’ என்று போடச் சொல்லிக் கேட்கலாம். வக்கீல் ஃபீசுக்கு வழியில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987 சட்டம். போன் 15100.

அப்பா விஷயம். புகாருக்கு அவர் கையெழுத்து தேவையில்லை, நீங்கள் மேஜர். ஆனால் அந்தப் போலிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, வேறு யாரோ ஒருவர் அவரிடம் போனை நீட்டிக் காட்டுவதற்குள் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது, அம்மா மூலமாகவாவது. தந்தைகள் தாங்க மாட்டார்கள் என்று மகள்கள் நினைக்கிற பல விஷயங்களைத் தாங்கி, மறுநாள் காலை என் ஆபீஸ் வாசலில் மகளுக்கு முன்னால் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாத் தந்தைகளும் அப்படி என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது. தனியாகச் சமாளிக்க முடியாத மாதிரி தோன்றினால், எந்த நேரமானாலும் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

வக்கீலம்மா, என் மகள் பிளஸ் ஒன். அவள் கூடப் படிக்கிற பையன் அவளிடம் படம் வாங்கி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். பள்ளியில் ‘பேசித் தீர்த்துக்கொள்வோம், பெயர் கெட்டுவிடும்’ என்கிறார்கள். நான் அந்தப் படத்தை ஒரு ஆதாரத்துக்காக வாங்கி என் தம்பிக்கும் அனுப்பிவைத்திருக்கிறேன்.
- ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

அம்மா, முதலில் தம்பிக்கு போன் போட்டு அந்தப் படத்தை உடனே அழிக்கச் சொல்லுங்கள். கெட்ட எண்ணத்தில் நீங்கள் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படிப்பட்ட படம் என்றால் சட்டமே வேறு. பரப்புவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் பார்ப்பதும் ஆபத்து. போனில் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 தொடக்கத்தில் சொன்னதை அதே வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆதாரம் அந்தப் பையன்களின் போனில் இருக்கிறது, அதைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஸ்டேஷனுக்குக் கொடுக்க வேண்டியது யார், எப்போது, யாருக்கு அனுப்பினான் என்ற விவரம் போதும்.

பள்ளிக்கூடம் பேசித் தீர்க்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது. தலைமையாசிரியரிடம் கோபப்படாமல் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தொனி மாறிவிடும். உங்கள் மகளின் பெயரும் பள்ளியின் பெயரும் வெளியே வரக் கூடாது என்று அதே சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது, பெண் போலீஸ் சீருடை இல்லாமல் உங்கள் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் துணைக்கு ஆள் அனுப்புவார்கள். படம் நெட்டில் ஏறியிருந்தால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே ‘டேக் இட் டவுன்’ என்ற அமெரிக்கச் சேவை இருக்கிறது, மேலே சொன்ன கைரேகை முறைதான்.

அந்தப் பையனும் சிறுவன்தான். சிறார் நீதி வாரியம் பார்க்கும், ஜெயில் கிடையாது. ‘ஒரு பையன் வாழ்க்கையைக் கெடுக்கிறீர்களே’ என்று அவன் வீட்டார் வந்து நிற்பார்கள், தயாராக இருங்கள். மகளிடம் இருந்து போனைப் பிடுங்கிப் பூட்டி வைக்காதீர்கள், பள்ளியையும் நிறுத்தாதீர்கள்.

மேடம், ஆண்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் உண்டா? தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் வீடியோ கால். இரண்டு நிமிடம்தான், முட்டாள்தனம் செய்துவிட்டேன். அதை ரெக்கார்ட் செய்து என் மனைவிக்கும் ஆபீசுக்கும் அனுப்புவேன் என்று கேட்டு இதுவரை 15,000 ரூபாய் கொடுத்தாயிற்று. இப்போது போலீஸ் அதிகாரி என்று ஒருவர் பேசி, வீடியோவை நீக்க 40,000 கேட்கிறார்.
- 41 வயது, கோவை

அந்தப் போலீஸ் அதிகாரி போலீஸ் இல்லை. அந்தப் பெண்ணும் பல சமயம் பெண் இல்லை, முன்பே எடுத்த வீடியோவை ஓட விட்டிருப்பார்கள். ஒரே கூட்டம், இரண்டாம் காட்சி. இனி ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கொடுத்தால் நிறுத்துவார்கள் என்று எண்ணித்தானே 15,000 கொடுத்தீர்கள், நிறுத்தினார்களா? கொடுக்கிற ஆள் என்று தெரிந்ததால்தான் தொகை ஏறியிருக்கிறது.

உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் பணம் போன விவரத்தைச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அந்தக் கணக்கில் பணத்தை முடக்க வாய்ப்பு. யு.பி.ஐ. ஐடி, பரிவர்த்தனை எண், அழைத்த நம்பர்கள் எல்லாம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிளாக். ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை மூடுங்கள், அங்கிருந்துதான் உங்கள் மனைவி பெயரையும் ஆபீஸ் பெயரையும் எடுத்திருப்பார்கள்.

சட்டம் உண்டு. பி.என்.எஸ். 77 பெண்களைத்தான் பாதுகாக்கிறது, அதில் உங்களுக்கு இடமில்லை, அது ஒரு குறைதான். ஆனால் ஐ.டி. சட்டத்தின் 66இ, 67ஏ ஆண் பெண் பார்ப்பதில்லை. மிரட்டிப் பணம் பறித்ததற்கு பி.என்.எஸ். 308, 7 வருடம் வரை. மனைவியிடம் நீங்களே இன்று இரவு சொல்லிவிடுங்கள். திட்டு விழும். விழட்டும், அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதோடு போய்விடும்.

என் வாட்ஸ்அப் டிபியை எடுத்து முகத்தை மட்டும் ஒட்டி வேறு உடம்போடு படம் தயாரித்திருக்கிறார்கள். கடன் ஆப் ஒன்றில் வாங்கிய 6,000 ரூபாய்க்காக என் கான்டாக்ட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்கள். உடம்பு என்னுடையது இல்லை என்பதால் வழக்கு நிற்காது என்று ஒருவர் சொன்னார்.
- தையல் தொழிலாளி, திருப்பூர்

அவர் சொன்னதில் கால் பங்கு உண்மை. 66இ ‘ஒருவரின் அந்தரங்க உறுப்பு’ என்று பேசுவதால், ஒட்டுப் படத்துக்கு அது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் என்ன? ஆபாசப் படத்தை வெளியிட்டதற்கு 67 போதும், அங்கே உடம்பு யாருடையது என்பது பிரச்சினை இல்லை. அதோடு பெண்ணின் கண்ணியத்தை அவமதித்ததற்கு பி.என்.எஸ். 79, அவதூறுக்கு 356, பணம் கேட்டு மிரட்டியதற்கு 308. படத்தை இறக்கும் விதியில் ‘செயற்கையாக மாற்றப்பட்ட படங்கள்’ என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், ஆகவே மேலே ஈரோடு வாசகிக்குச் சொன்ன 2 மணி நேரக் கெடு உங்களுக்கும் உண்டு.

உங்கள் கான்டாக்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டு வரி மெசேஜ் போடுங்கள்: ‘என் முகத்தை ஒட்டிப் போலிப் படம் வருகிறது, திறக்க வேண்டாம், வந்த நம்பரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்குச் சொல்லுங்கள்.’ இப்படிச் செய்தால் வெட்கப்பட வைக்க நினைத்தவனுக்கு எதிராக அத்தனை பேரும் சாட்சியாகிவிடுவார்கள். கடன் பாக்கி இருப்பது வேறு வழக்கு. அதற்காக இதைச் செய்ய எந்தக் கடன்காரனுக்கும் உரிமை கிடையாது.

என் முன்னாள் கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். அங்கிருந்து என் படங்களை உறவினர்களுக்கு அனுப்புகிறார். இங்கே கேஸ் போட்டு என்ன பயன்?
- பெயர் வேண்டாம், புதுக்கோட்டை

பயன் உண்டு. இந்தியாவில் இருக்கும் கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ சம்பந்தப்படுத்திய குற்றம் என்றால் வெளிநாட்டில் இருந்து செய்தாலும் ஐ.டி. சட்டம் பிடிக்கும், 75-வது பிரிவு. இங்கே எஃப்.ஐ.ஆர். இருந்தால் அவர் ஊருக்கு வந்து இறங்கும்போது விமான நிலையத்தில் நிறுத்த லுக் அவுட் நோட்டீஸ் கேட்கலாம்.

ஆனால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்தில் 377பிஇ என்ற பிரிவு 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது: அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் பரப்பினாலும், பரப்புவேன் என்று மிரட்டினாலும் 5 வருடம் வரை சிறை, அபராதம், பிரம்படிகூட உண்டு. சிங்கப்பூர் போலீசுக்கு இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம். வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவருக்குப் போலீஸ் புகார் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியும். உறவினர்களில் இரண்டு பேராவது வந்த மெசேஜைக் காட்ட முன்வந்தால் இரண்டு இடத்திலும் கொடுங்கள்.

குடும்ப குரூப்பில் வந்தது, யார் என்று தெரியாத ஒரு பெண்ணின் வீடியோ. ‘இப்படியும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை’ என்று எழுதி நான் இன்னொரு குரூப்புக்கு அனுப்பினேன். நான் எடுக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. எனக்கு ஏதாவது வருமா?
- ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மதுரை

வரும். சட்டத்தில் ‘அனுப்புவது’ என்றும் இருக்கிறது, முதலில் அனுப்பியவர் மட்டும் என்று இல்லை. ‘ஜாக்கிரதை’ என்று மேலே எழுதியதால் வீடியோ சுத்தமாகிவிடாது. இரண்டு குரூப்பிலும் ‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுங்கள், அந்த நேரம் கடந்திருந்தால் அட்மினிடம் சொல்லி நீக்க வையுங்கள், இனிமேல் எது வந்தாலும் உங்கள் போனோடு நிற்கட்டும். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக மற்றவர் போட்டதற்கு அவர்மேல் வழக்கு நிற்காது என்று பாம்பே, கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, அவர் பயப்படாமல் நீக்கலாம்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வியோடு ஆதாரம் என்று சிலர் படங்களையே இணைத்து அனுப்பியிருந்தார்கள். திறக்காமல் அழித்துவிட்டேன். எனக்கும் அனுப்ப வேண்டாம், பத்திரிகைக்கும் அனுப்ப வேண்டாம். என்ன நடந்தது என்று எழுதினால் போதும். அடுத்த இதழில் காம்பவுண்டுச் சுவர்.